கையெழுத்து உண்மை, மற்றதற்குப் பொறுப்பில்லை

வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர்கள் தங்கள் சான்றிதழோடு சேர்த்து வாங்கும் ‘அப்போஸ்டில்’ என்கிற தாளில் பல நாடுகள் ஒரு குறிப்பை அச்சிடுகின்றன. அதை யாரும் நின்று படிப்பதில்லை. குறிப்பின் சாரம் இதுதான்: இந்தத் தாள் கையெழுத்தையும், கையெழுத்துப் போட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டும் உறுதிப்படுத்துகிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை உறுதிப்படுத்தவில்லை.

லீவு எடுத்து, நம்பர் வாங்கி, பணம் கட்டி, காத்திருந்து கையில் கிடைக்கும் தாள் நம்மிடம் சொல்வது இவ்வளவுதான். ‘இன்னார் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் எழுதியது உண்மையா என்று என்னைக் கேட்காதே.’

அப்புறம் எதுக்குங்க இந்தப் பேப்பர் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எரிச்சலில் கேட்டுவிட்டு மறந்துபோகிற கேள்விதான். ஆனால் கொஞ்ச நேரம் அதோடு உட்கார்ந்திருந்தால், அது அரசாங்க அலுவலகத்தைத் தாண்டி வேறெங்கோ கூட்டிக்கொண்டு போகிறது. ஒருவர் சொல்வதை நாம் எப்போது நம்புகிறோம்? நம்புவதற்கு முன் யாரிடம் ஆதாரம் கேட்கிறோம், யாரிடம் கேட்பதில்லை? ஒரு சொல்லுக்குக் கடைசியில் யார் பொறுப்பு?

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடலாம். மலேசியர்களாகிய நமக்குப் பழக்கப்பட்டது சங்கிலி முறை. வளைகுடாப் பக்கம் வேலை கிடைத்த ஒரு பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். அவருடைய பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் கையெழுத்தோடு உயர்கல்வி அமைச்சுக்குப் போகும். அங்கே ஒரு சாப்பு. பிறகு புத்ராஜெயாவில் விஸ்மா புத்ரா. அங்கே ஒரு சாப்பு. பிறகு கோலாலம்பூரில் அந்த நாட்டின் தூதரகம். அங்கே ஒன்று. சில நாடுகளில் போய் இறங்கியபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சிலும் ஒன்று. பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது என்கிற ஒரே செய்திக்கு நான்கைந்து முத்திரைகள். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய முத்திரையை மட்டுமே பார்க்கிறது. பட்டதாரியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் பத்திரத்தை மற்றொன்று ஒரே தாளோடு ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம், அதற்குள் எண்ணிட்ட 10 விவரங்கள், தலைப்பு மட்டும் எந்த நாட்டிலும் பிரெஞ்சு மொழியில். அப்போஸ்டில் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஓரக்குறிப்பு என்று பொருள். ஏற்கனவே எழுதியதன் ஓரத்தில் யாரோ கிறுக்கிவைத்த குறிப்பு. இன்றைக்கு 120க்கும் அதிகமான நாடுகள் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. இந்தியாவில் 2005 ஜூலை 14இல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16இல் வந்தது. அங்கே அகாடமி ஆஃப் லா இந்தத் தாளைக் கொடுக்கிறது.

உடன்படிக்கையில் எனக்கு ஆகப் பிடித்த இடம், அப்போஸ்டில் மீது இருக்கும் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் வேறு எந்தச் சான்றும் தேவையில்லை என்று சொல்லும் விதி. சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்தக் கையெழுத்து உண்மை என்று சொல்ல ஒரு கையெழுத்து வேண்டுமென்றால், அந்தக் கையெழுத்து உண்மை என்று சொல்ல இன்னொன்று வேண்டும். அதற்கு இன்னொன்று. எங்காவது ஓரிடத்தில், ‘போதும், இதற்குமேல் கேட்கக்கூடாது’ என்று யாராவது சொல்லியாக வேண்டும். கடைசி உண்மையைக் கண்டுபிடித்ததால் சங்கிலி நிற்பதில்லை. நிறுத்துவோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்ததால் நிற்கிறது.

இது தத்துவத்தில் மிகப் பழைய சிக்கல். ஒன்றை அறிவதற்கான வழியை வடமொழியில் பிரமாணம் என்பார்கள், தமிழில் அளவை. பார்ப்பது ஓர் அளவை, ஊகிப்பது ஓர் அளவை, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது ஓர் அளவை. மணிமேகலையில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அவள் போய்க் கேட்கும் காதையில், அளவைவாதி பத்து அளவைகளை வரிசையாகச் சொல்கிறான். பௌத்தரான நாகார்ஜுனர் ‘விக்ரஹ வியாவர்த்தனி’யில் இதன் அடியிலேயே கைவைக்கிறார். பொருள்களை அளவைகளால் அறிகிறீர்கள், சரி. அந்த அளவைகளை எதனால் அறிந்தீர்கள்? வேறு அளவைகளால் என்றால், அவற்றை எதனால்? முடிவே கிடையாது. அளவைக்கு மட்டும் சான்று வேண்டாம் என்றால், பொருளுக்கு மட்டும் எதற்குச் சான்று கேட்கிறீர்கள்? தூதரக வாசலில் நான்காவது சாப்புக்குக் காத்திருப்பவரின் மனதுக்குள் ஓடும் கேள்வியும் ஏறத்தாழ இதுதான்.

நியாய மரபு இதற்குத் தராசை உவமையாகச் சொல்கிறது. தராசு பொன்னை நிறுக்கிறது. தராசின் மேலேயே சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கலாம். அளக்கும் பொருளே இன்னொரு சமயம் அளக்கப்படும் பொருளாகலாம். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எதையும் சோதிக்கலாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. ஒன்றைச் சந்தேகப்பட வேண்டுமென்றாலும் மற்றொன்றை அந்த நேரத்துக்காவது நம்பியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்தபின் இதெல்லாம் மாறிவிடவில்லையா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழே மின்வடிவில்தான் வருகிறது. மின்கையெழுத்துக்கும் சங்கிலி இருக்கிறது. ஒரு மின்சான்றை அதற்கு மேலே உள்ள மின்சான்று உறுதிசெய்யும், அதை அதற்கும் மேலே உள்ளது உறுதிசெய்யும். எல்லாவற்றுக்கும் உச்சியில் வேர்ச்சான்று என்று ஒன்று. அதில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் தெரியுமா? அதுவே. தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்று அது. நம் கைப்பேசி அதை நம்புவதற்குக் காரணம், நம்பச் சொல்லி முன்கூட்டியே உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான். தொழில்நுட்பம் சங்கிலியை வேகமாக்கியிருக்கிறது. அதன் நுனி எங்கும் கட்டப்படாமல் தொங்குவது அப்படியேதான் இருக்கிறது.

பத்திரச் சோதனை பற்றி நம் இலக்கியத்தில் உள்ள மிக நுட்பமான காட்சி பெரியபுராணத்தில் வருகிறது. பக்தர்கள் அதைத் தடுத்தாட்கொண்ட கதையாக வாசிப்பார்கள். நான் இங்கே அதிலுள்ள வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். இவன் எனக்கு அடிமை, இவனுடைய தாத்தா எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு போகிறது. முதியவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை இதோ என்று எடுக்கிறார். இன்றைய பாஷையில் சொன்னால், கிழிந்தது காப்பி, ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது. தாத்தா எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சாட்சிகளின் கையெழுத்தும் சரியாக இருக்கிறது. சுந்தரர் தோற்கிறார்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் காட்சியில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியம். ஒன்று, ஒரு கோரிக்கையை நிறுவ அந்த அவைக்கு மூன்று வழிகள் தெரிந்திருக்கின்றன. ஆட்சி, ஆவணம், காட்சி. ஆட்சி என்றால் நடைமுறையில் இருந்துவரும் வழக்கம். ஆவணம் என்றால் எழுத்து. காட்சி என்றால் நேரில் கண்டவரின் சாட்சியம். மூன்றில் எது இருந்தாலும் காட்டு என்கிறார்கள். இரண்டாவது, கையெழுத்து ஒத்துப்போனதும் வழக்கு முடிந்துவிடுகிறது. தாத்தா எழுதியது உறுதி, சரி. பிறக்காத பேரனை அடிமையாக எழுதிக்கொடுக்க ஒரு தாத்தாவுக்கு உரிமை உண்டா? அதை யாரும் விசாரிக்கவில்லை. கையெழுத்து உண்மை, மற்றதற்குப் பொறுப்பில்லை என்கிற அப்போஸ்டில் குறிப்பு அன்றைக்கே நடைமுறையில் இருந்திருக்கிறது.

ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்றில் இன்றைய அரசு கையில் வைத்திருப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும்தான். ஆனாலும் மற்ற இரண்டின் நினைவு மலேசியத் தமிழர்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. 1976இல் இயற்றப்பட்ட திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, கோயிலிலோ தோட்டத்து வீட்டு வாசலிலோ சடங்குப்படி நடந்த கல்யாணம் கல்யாணம்தான். சான்றிதழ் கிடையாது. ஊர் பார்த்தது, அது காட்சி. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், அது ஆட்சி. பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியேறி அப்பா அம்மாவைக் கூப்பிட நினைக்கும்போதுதான், உங்களுக்குக் கல்யாணம் ஆனதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவர் கேட்கிறார். பேரன் பேத்தி எடுத்த பாட்டியிடம்.

நண்பர் ஒருவரின் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நண்பருக்கு வெளிநாட்டில் வேலை. அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும். இவர் என் அம்மா என்பதற்கு ஆதாரமாகத் தன்னுடைய பிறப்புப் பத்திரத்தைக் காட்டினார். அதில் அம்மாவின் பெயர் இருக்கிறது. ஆனால் அம்மாவின் ஐசியில் அந்தப் பெயருக்குக் கடைசியில் ஓர் ‘எச்’ கூடுதலாக இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த அம்மாவின் பெயரை அன்றைக்கு எழுதியவர் ஒரு மாதிரிக் கேட்டு எழுதினார். பிறகு மகன் பிறந்ததைப் பதிந்தவர் வேறு மாதிரிக் கேட்டு எழுதினார். தமிழில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே பெயர். ரோமன் எழுத்தில் இரண்டு பெண்கள். எந்தப் பெண் உன் அம்மா?

நானும் உடன் போயிருந்தேன். அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மகனிடம் மெதுவாகச் சொன்னார். “ஏய்யா, பெத்தவ நான் இங்கதான நிக்கிறேன். என்னையக் கேட்டா சொல்ல மாட்டேனா? அந்தப் பேப்பரையே பாத்துக்கிட்டு இருக்காரு.”

“அம்மா, சும்மா இருங்கம்மா.”

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று எஸ்டி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் அதிகாரி. சத்தியப் பிரமாணம். அதற்கு 1960இலிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது. சத்தியப் பிரமாண ஆணையரின் முன்னால் அம்மா உட்கார்ந்தார். ஆணையர் அவரை அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்கள். ‘ஆமாங்க’ என்றார் அம்மா. கையெழுத்துப் போட்டார். சாப்பு விழுந்தது. மறுநாள் அந்தத் தாளை அதே அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

நடந்ததை மறுபடி யோசித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் அம்மா சொல்ல வந்ததும், ஆணையரிடம் சொன்னதும் ஒரே சொல்தான். முதல் நாள் அதைக் கேட்க யாரும் இல்லை. மறுநாள் அது ஆதாரம். இடையில் புதிதாக எந்த உண்மையும் சேரவில்லை. எத்தனை சாப்பு குத்தினாலும் சங்கிலியின் அடியில் ஒருவருடைய சொல்தான் கிடக்கிறது. இவள் பிறந்தாள், இவர் படித்தார், இவர்கள் மணந்தார்கள், நான் பார்த்தேன் என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஓரக்குறிப்பு.

ஆனால் சாப்பு எதையுமே சேர்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது சேர்த்தது உண்மையை அல்ல, பொறுப்பை. சத்தியப் பிரமாணத்தில் பொய் சொன்னால் தண்டனை உண்டு. அம்மாவின் சொல், அந்த மேசையில், அவர் பதில் சொல்லியாக வேண்டிய சொல்லாக மாறியது. ‘அப்புறம் எதுக்குங்க இந்தப் பேப்பர்’ என்ற கேள்விக்கு இதுதான் நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். நாளைக்கு இது பொய்யென்று தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பேப்பர்.

அந்த அம்மாவின் பக்கம் நின்று பேசுவது சுலபம். அதிகாரியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோரும் பெற்றவர்கள் இல்லை. பிள்ளைகளை எல்லை கடத்துகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். படிக்காத படிப்புக்குப் பட்டம் அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் உலகம் முழுக்க உண்டு. அப்படிப்பட்ட பட்டத்தோடு ஒருவர் கட்டடம் கட்டினால், மருந்து கொடுத்தால், அனுபவிக்கப்போவது வேறு யாரோ. அங்கே ஏற்கனவே மனைவி பிள்ளையோடு இருக்கும் ஒருவன் இங்கே வந்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போவது நமக்குத் தெரியாத கதையா? அந்தப் பெண்ணுக்கு ஒரு சாப்பு பாதுகாப்பு. சந்தேகம் எப்போதும் அவமதிப்பாகிவிடாது. சில நேரங்களில் அங்கே இல்லாத ஒருவருக்காக நாம் பிடித்துக்கொள்ளும் குடை அது.

ஆனால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கேட்கும் தாளையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிநாட்டில் திருமணம் செய்யப் போகிறவரிடம் மணமாகாதவர் என்பதற்கான சான்று கேட்பார்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எந்த அரசு சொல்ல முடியும்? பதிவேட்டில் தேடினோம், இந்தப் பெயரில் திருமணம் எதுவும் பதிவாகவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். இரண்டும் ஒன்றா?

மீமாம்சகரான குமாரில பட்டரின் வழிவந்தவர்கள் இல்லாமையை அறிவதையும் தனியோர் அளவையாக வைத்தார்கள். மணிமேகலையின் பட்டியலிலும் அபாவம் என்று அது இருக்கிறது. தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? குடம் காணப்படவில்லை, அதனால். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லலாம். வெளிச்சமுள்ள அறையில் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் சொல்ல முடியாது.

பதிவேடு எல்லாத் திருமணங்களையும் பிடித்துவைக்கும் ஊரில், பதிவாகவில்லை என்றால் மணமாகவில்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவுக்கே போகாத ஊரில் அந்தச் சான்று இருட்டறையில் தேடிய குடம். ஏமாற்றுகிறவனுக்கு அது தாராளமாகக் கிடைக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் நம் வரலாற்றின் கசப்பான பக்கம் தெரிகிறது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதியப்படாமல் போனவர்கள் எத்தனையோ பேர். இங்கேயே பிறந்து இங்கேயே பால் மரம் வெட்டியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடோ, அதுவும் இல்லாமலோ வயதாகி இறந்திருக்கிறார்கள். 1968ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயம் என்று ஆக்கியபோது, கையில் தாள் இல்லாத பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேற வேண்டியிருந்தது. அவர்கள் இங்கே பிறந்ததற்கோ வாழ்ந்ததற்கோ சாட்சி இல்லாமல் இல்லை. லயமே சாட்சி. ஆட்சியும் காட்சியும் நிறைய இருந்தன, ஆவணம் மட்டும் இல்லை. விளக்கே ஏற்றாத அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது அரசு. விளக்கேற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இன்றுவரை அப்படியே நிற்கிறது. நாடற்றவர்கள் என்று நாம் சொல்லும் இளைஞர்கள் சிலர் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை.

ஆக, சந்தேகம் தேவை. ஆனால் யாரைச் சந்தேகிப்பது, அதன் செலவை யார் ஏற்பது என்பதில்தான் அறப் பிரச்சினை இருக்கிறது.

குமாரிலர் அறிவைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். ஓர் அறிவு தோன்றும்போதே ஏற்கத்தக்கதாகத்தான் தோன்றுகிறது. பின்னால் அதை மறுக்கும் ஒன்று வந்தாலோ, அது பிறந்த வழியில் குற்றம் தெரிந்தாலோதான் தள்ள வேண்டும். நம்புவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, சந்தேகப்படத்தான் காரணம் வேண்டும். வேதத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் கட்டிய வாதம் அது. நான் அதை அங்கிருந்து எடுத்து அலுவலக மேசைமேல் வைக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் நாம் எல்லோரும் குமாரிலரின் கட்சிதான். வழி கேட்டால் சொல்கிறவரை நம்பி நடக்கிறோம். நம்முடைய பிறந்த தேதியே அம்மா சொல்லித்தான் நமக்குத் தெரியும். நாம் பிறந்ததை நாம் பார்க்கவில்லையே.

எல்லைகளில் மட்டும் இந்த முறை சிலருக்குத் தலைகீழாகிறது. ஒரு பாஸ்போர்ட்டைக் கண்டதும் சந்தேகப்படக் காரணம் வேண்டும். இன்னொன்றைக் கண்டதும் நம்பக் காரணம் வேண்டும். ஹேக் உடன்படிக்கையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. புதிதாக ஒரு நாடு சேரும்போது, ஏற்கனவே உள்ள ஒரு நாடு மறுப்புத் தெரிவிக்கலாம். அப்போது அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில் உடன்படிக்கை செல்லாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி உட்படச் சில ஐரோப்பிய நாடுகள் மறுப்புச் சொல்லின. இந்தியப் பிறப்பு, திருமணப் பத்திரங்களின் நம்பகம் போதவில்லை என்று ஜெர்மானியத் தூதரகங்கள் அவற்றுக்கு முத்திரையிடுவதையே நிறுத்திவைத்தன. வேண்டுமென்றால் வழக்கறிஞர் ஒருவரை அனுப்பி ஊரில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. விசாரணைச் செலவு விண்ணப்பித்தவரின் தலையில்.

விசித்திரத்தைக் கவனியுங்கள். எழுத்தின்மேல் நம்பிக்கை தீர்ந்துபோனதும் மறுபடி ஊருக்குத்தான் போகிறார்கள். பதிவேட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கேட்டு. ஆவணம் கைவிட்ட இடத்தில் காட்சி. திருவெண்ணெய்நல்லூர் அவையும் இதைத்தான் செய்தது. வழக்கில் ஜெயித்த முதியவரிடம், இதே ஊர் என்கிறீரே, உங்கள் வீட்டைக் காட்டும் என்று கடைசியில் கேட்டார்கள். அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார்.

ஒரு நாட்டில் போலிப் பத்திரங்கள் அதிகம் என்பது சந்தேகத்துக்குக் காரணமாகாதா? ஆகும். ஆனால் அது அந்தப் பத்திரங்களின் மீதான பொதுவான காரணம். வரிசையில் நிற்கும் இந்தப் பெண்ணின் மீதான காரணம் அல்ல. ஊரில் திருடர்கள் அதிகம் என்பதால் ஒவ்வொருவராக வந்து நான் திருடனில்லை என்று காசு கட்டி நிரூபித்துவிட்டுப் போங்கள் என்றால், நாம் ஒத்துக்கொள்வோமா? பொதுவாகச் சந்தேகப்படுகிறவர் அந்தச் சந்தேகத்தின் செலவைத் தானே ஏற்க வேண்டும். நேரமும் காசும் அவருடையதாக இருந்தால், எந்தச் சந்தேகம் அவசியம், எது வெறும் பழக்கம் என்று அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். இப்போது சந்தேகப்படுவது அவருக்கு இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யாரும் அளந்து செலவழிப்பதில்லை.

இதில் நம்மால் ஆகக்கூடியது என்ன? உடன்படிக்கைகளை நாம் எழுதப்போவதில்லை. ஆனால் சங்கிலியின் அடியில் கிடக்கும் முதல் கையெழுத்து இருக்கிறதே, அது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் போடுவது. மேலே உள்ள அத்தனை பேரும் மையை மட்டும் பார்க்கிறார்கள். தூதரக அதிகாரி அமைச்சின் மையை, அமைச்சு பல்கலைக்கழகத்தின் மையை. நிகழ்ச்சியைப் பார்த்தது முதலாமவர் மட்டும்தான். பிறந்த குழந்தையைத் தூக்கிய தாதி, பெயரைக் காதால் கேட்டு எழுதிய கிராணி, பரீட்சைத் தாளைத் திருத்திய ஆசிரியர். உண்மைக்கான முழுப் பொறுப்பும் அவர்களிடமே தங்கிவிடுகிறது, ஏனென்றால் மேலே உள்ள ஒவ்வொருவரும் தனக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அன்று கிராணி இன்னொரு தடவை கேட்டு எழுதியிருந்தால், அம்பது வருடம் கழித்து அந்த அம்மா தன் மகனுக்குத் தான்தான் அம்மா என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்திருக்காது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் கூட்டாளியின் ஆர்ஓஎம்முக்குப் போயிருப்பீர்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், “மச்சான், நீ ஒரு சைன் போடு” என்று கூப்பிட்டிருப்பான். சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டே போட்டிருப்பீர்கள். அந்தச் சான்றிதழ் நாளைக்கு எந்த நாட்டு மேசைக்குப் போகும், எத்தனை சாப்பு அதன்மேல் விழும் என்று தெரியாது. அத்தனை சாப்பும் உங்கள் கையெழுத்துக்கு மேலேதான் வந்து உட்காரும். அடுத்த முறை யாராவது கூப்பிட்டால் போங்கள். பேனாவை எடுப்பதற்கு முன் அவனையும் அந்தப் பெண்ணையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். தாளில் பெயர்கள் சரியாக எழுதியிருக்கிறதா என்று வாய்விட்டுப் படியுங்கள். அவ்வளவு நேரம் அங்கே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.